கோதுமை சேராத உடம்பு



தெருவில் தெரிந்தவரைப் பார்த்தால் "சௌக்கியமா?" என்று கேட்கிறோம். அவர் "ஏதோ இருக்கேன்" என்கிறார். அதோடு பேச்சு முடிந்தது. அவருக்கு இரவெல்லாம் தூக்கம் இல்லாமல் இருக்கலாம். கடன் கவலை இருக்கலாம். கேட்டவருக்கு அது தெரியப் போவதில்லை.

மருத்துவமனையிலும் இதே கதைதான். "எப்படி இருக்கீங்க?" என்று டாக்டர் கேட்கிறார். "பரவாயில்லை டாக்டர்" என்று நோயாளி சொல்கிறார். அடுத்தவர் உள்ளே வந்துவிடுகிறார்.

இந்தப் "பரவாயில்லை" என்ற சொல்லுக்குள் என்ன இருக்கிறது? அதை அளந்து பார்க்க முடியுமா? காய்ச்சலை அளக்க வெப்பமானி இருக்கிறது. எடையை அளக்கத் தராசு இருக்கிறது. ஒருவர் எவ்வளவு நலமாக வாழ்கிறார் என்பதை அளக்கவும் ஒரு முறை இருக்கிறது. ஒரு நோயை எடுத்துக்கொண்டு பார்த்தால் அந்த முறை எளிதில் விளங்கும். அந்த நோயின் பெயர் சீலியாக் நோய்.

தமிழ்நாட்டில் பலர் இந்தப் பெயரைக் கேட்டிருக்க மாட்டார்கள். பஞ்சாப், ஹரியானா, டில்லி, ராஜஸ்தான் பக்கம் போனால் இந்த நோய் உள்ளவர்கள் நிறையப் பேர் இருக்கிறார்கள். அங்கே தினசரி உணவு கோதுமை ரொட்டி. சீலியாக் நோய் உள்ளவருக்கு அந்தக் கோதுமைதான் சேராது.

"எனக்குக் கத்திரிக்காய் சேராது" என்று சிலர் சொல்வார்கள். சாப்பிட்டால் அரிப்பு வரும். இரண்டு நாளில் அடங்கிவிடும். சீலியாக் நோய் அப்படிப்பட்டது அல்ல.

பரோட்டாக் கடையில் மாஸ்டர் மாவை வீசி அடிப்பதைப் பார்த்திருப்பீர்கள். மாவு துணி போல விரிகிறது. கிழிவதில்லை. அரிசி மாவை அப்படி வீச முடியுமா? முடியாது. உதிர்ந்து போகும். கோதுமை மாவில் உள்ள ஒரு புரதம்தான் அந்த இழுவையைக் கொடுக்கிறது. அதன் பெயர் குளூட்டன். பார்லியிலும் இதே வகைப் புரதம் உண்டு. குளிர் நாடுகளில் விளையும் ரை என்ற தானியத்திலும் உண்டு. வடநாட்டில் கடுகையும் 'ராய்' என்பார்கள். அது வேறு, இது வேறு.

சிறுகுடலின் உள்பக்கம் வழுவழுப்பாக இருக்காது. டர்க்கி துண்டில் நூல் நூலாக எழும்பி நிற்கிறதே, அதுபோல இருக்கும். அந்தச் சின்னச் சின்ன இழைகளுக்குக் குடலுறிஞ்சிகள் என்று பெயர். உண்ட உணவின் சத்தை அவைதான் உறிஞ்சி இரத்தத்தில் சேர்க்கின்றன. சீலியாக் நோய் உள்ளவர் ஒரு ரொட்டி சாப்பிட்டால் என்ன நடக்கிறது? கிருமியோடு சண்டை போட வேண்டிய உடம்பின் காவல் படை, ஆள் தெரியாமல் தன் சொந்தக் குடலையே தாக்குகிறது. இழைகள் தேய்ந்து போகின்றன. பழைய துண்டு போலக் குடல் வழுவழுப்பாகிவிடுகிறது. பிறகு எவ்வளவு நல்ல உணவு சாப்பிட்டாலும் உடம்பில் ஒட்டாது.

சிலருக்கு ஓயாத வயிற்றுப்போக்கு. சிலருக்கு வயிறு உப்பசம். குழந்தை வயதுக்கு ஏற்ற உயரம் வளராது. பெண்களுக்கு இரத்தசோகை வரும். இரும்புச் சத்து மாத்திரையைப் பெட்டி பெட்டியாகச் சாப்பிட்டாலும் தீராது. வயிற்றில் எந்தத் தொல்லையும் இல்லாமல், வெறும் சோகையாக மட்டும் பல வருடம் இருப்பவர்களும் உண்டு. இது தொற்று நோய் அல்ல. பிறவியிலேயே ஒரு சாய்வு இருக்க வேண்டும். அந்தச் சாய்வு உள்ள எல்லோருக்கும் நோய் வருவதில்லை. மிகச் சிலருக்கே வருகிறது.

இரத்தப் பரிசோதனையில் இதைக் கண்டுபிடிக்கலாம். பிறகு குழாய் விட்டு, சிறுகுடலில் ஒரு துளி சதை எடுத்துப் பார்த்து உறுதி செய்வார்கள். ஒன்றை இங்கே சொல்லியாக வேண்டும். பரிசோதனைக்கு முன்னால் தானாகவே கோதுமையை நிறுத்திவிடக் கூடாது. நிறுத்தினால் நோய் இருந்தும் பரிசோதனையில் தெரியாமல் போகலாம்.

மருந்து என்ன? மருந்தே இல்லை. கோதுமை, பார்லி, ரை மூன்றையும் வாழ்நாள் முழுவதும் விட்டுவிட வேண்டும். அதுதான் ஒரே வைத்தியம்.

இதைக் கண்டுபிடித்த கதை சுவையானது. நெதர்லாந்து நாட்டில் வில்லெம் கரேல் டிக்கே என்ற குழந்தை மருத்துவர் இருந்தார். சில குழந்தைகளுக்கு ரொட்டிதான் எமனாக இருக்கிறதோ என்று அவருக்கு 1930களிலேயே சந்தேகம். அப்போது இரண்டாம் உலகப் போர் வந்தது. 1944 - 45 குளிர்காலத்தில் அந்த நாட்டில் கடும் பஞ்சம். ரொட்டி கிடைக்கவில்லை. மக்கள் துலிப் பூச்செடியின் கிழங்கைக்கூடத் தோண்டித் தின்றார்கள். ஊரே மெலிந்தது. ஆனால் இந்த நோய் உள்ள குழந்தைகள் மட்டும் தேறினார்கள்! போர் முடிந்து ரொட்டி வந்ததும் அவர்கள் மறுபடி படுத்தார்கள். டிக்கேயின் சந்தேகம் உறுதியானது. 1950இல் அவர் தன் ஆராய்ச்சியை எழுதி வெளியிட்டார்.

கோதுமையை விட்டால் உடம்பு தேறும். அதில் சந்தேகமே இல்லை. வயிற்றுப்போக்கு சில வாரத்தில் நிற்கும். எடை கூடும். இரத்தம் ஊறும். குடல் இழைகள் மெல்ல மெல்ல முளைத்துவிடும். பெரியவர்களுக்கு இதற்கு வருடக்கணக்கில் ஆகலாம். டாக்டர் தன் தாளில் 'நல்ல முன்னேற்றம்' என்று எழுதுவார். அவர் அளப்பது எதை? எடை, உயரம், இரத்தத்தின் அளவு. இவை எல்லாம் உண்மைதான்.

ஆனால் அந்தத் தாளில் வராத சில விஷயங்கள் இருக்கின்றன.

ஹரியானாவில் ஒரு கிராமம். அங்கே 19 வயதுப் பெண் ஒருத்தியை மனத்தில் நினைத்துக்கொள்ளுங்கள். இவள் கற்பனைப் பெண். ஆனால் இவளைப் போன்றவர்கள் வாழும் வீடுகள் அங்கே பல உண்டு. வீட்டைச் சுற்றிக் கோதுமை வயல். ஏப்ரல் மாதம் அறுவடை. அவளும் அரிவாளோடு இறங்கி அறுக்கிறாள். தான் அறுத்ததைத் தானே சாப்பிட முடியாது.

நோயைக் கண்டுபிடித்து ஒரு வருடம் ஆகிறது. சோகை போய்விட்டது. முகத்தில் தெளிவு வந்திருக்கிறது. டாக்டருக்கு மகிழ்ச்சி.

வீட்டில் என்ன நடக்கிறது? அவளுக்காக அம்மா தனியாகச் சோள ரொட்டி, கம்பு ரொட்டி தட்டுகிறாள். தனிக் கல், தனிப் பலகை. எல்லோரும் மாவரைக்கப் போகும் மில்லில் அவளுடைய சோளத்தை அரைக்க முடியாது. கல்லில் ஒட்டிய கோதுமை மாவு கலந்துவிடும். ஒரு சிட்டிகை கலந்தாலும் குடல் மறுபடி கெடும். எனவே கையால் சுற்றும் இயந்திரம் ஒன்று வாங்கியிருக்கிறார்கள். தினமும் அரைமணி நேரம் அது சுற்ற வேண்டும்.

கல்யாண வீட்டுக்குப் போகிறார்கள். எல்லோரும் பூரி சாப்பிடுகிறார்கள். அவள் தட்டு காலி. "ஏன் சாப்பிடலை?" என்று அத்தை கேட்கிறாள். "இன்னிக்கு விரதம்" என்று அவள் சொல்கிறாள். எத்தனை கல்யாணத்துக்கு விரதம் இருக்க முடியும்? நோய் என்று சொல்ல அம்மா விடமாட்டாள். சொன்னால் பெண்ணுக்கு வரன் வராது என்ற பயம். நாளைக்குப் போகிற வீட்டில் மாமியார் என்ன சொல்வாளோ? புருஷனுக்குக் கோதுமை ரொட்டி, தனக்குச் சோள ரொட்டி என்று இரண்டு அடுப்பு மூட்ட முடியுமா? இரவில் அவளுக்குத் தூக்கம் வருவதில்லை.

இரத்தப் பரிசோதனையில் இதெல்லாம் தெரியுமா? தெரியாது. அடுத்த முறை டாக்டர் "எப்படிம்மா இருக்கே?" என்று கேட்பார். அவளும் தலையைக் குனிந்துகொண்டு "நல்லா இருக்கேன்" என்றுதான் சொல்வாள்.

அவளிடம் எப்படிக் கேட்டால் உண்மை வரும்? இந்தக் கேள்விதான் ஆராய்ச்சி ஆனது.

வாழ்க்கைத் தரம் என்றதும் மாடி வீடு, மோட்டார் சைக்கிள், சம்பளம் என்று நினைக்கத் தோன்றும். இங்கே அதற்குப் பொருள் வேறு. உலக சுகாதார நிறுவனம் இதைத் தெளிவாக்கியது. ஒருவர் தன் ஊர், தன் பழக்க வழக்கம், தன் ஆசை, தன் கவலை இவற்றின் நடுவே தன் வாழ்வைத் தானே எப்படிக் காண்கிறார் என்பதே வாழ்க்கைத் தரம். 'தானே' என்ற சொல்லைக் கவனியுங்கள். டாக்டர் சொல்வது கணக்கில் வராது. மாமியார் சொல்வதும் வராது.

1990களில் அந்த நிறுவனம் ஒரு பெரிய வேலையைத் தொடங்கியது. உலகம் முழுவதும் 15 இடங்களில் ஒரே நேரத்தில் கேள்வித்தாள் தயாரித்தார்கள். நம் நாட்டில் இரண்டு இடங்கள். ஒன்று புதுடில்லி. மற்றது சென்னை. அப்போது அதன் பெயர் மெட்ராஸ். ஓர் ஊரில் எழுதி மற்ற ஊர்களில் மொழிபெயர்த்தால் போதும் என்று அவர்கள் விட்டுவிடவில்லை. ஒவ்வோர் இடத்திலும் நோயாளிகள், நல்ல உடல் நலத்தோடு இருப்பவர்கள், மருத்துவத் துறையினர் எல்லோரையும் உட்கார வைத்துப் பேச விட்டார்கள். 'நல்லா வாழ்வது' என்றால் உங்களுக்கு என்ன என்று கேட்டார்கள். அதிலிருந்து 100 கேள்விகள் பிறந்தன. பிறகு 26 கேள்விகள் உள்ள சிறிய தாளும் வந்தது. உடம்பு, மனம், உறவு, சுற்றுப்புறம் என்று நான்கு பக்கமும் அது கேட்கிறது. தமிழிலும் அந்தத் தாள் இருக்கிறது.

அது எந்த நோய்க்கும் பொதுவான தாள். பொதுத் தாளுக்கு ஒரு குறை உண்டு. கல்யாண வீட்டில் காலித் தட்டோடு உட்கார்ந்த பெண்ணின் சங்கடம் அதில் அகப்படாது. எனவே சீலியாக் நோய்க்கென்றே தனித் தாள்கள் வந்தன. 2007இல் ஜெர்மனியில் 28 கேள்விகள். 2010இல் அமெரிக்காவில் 20 கேள்விகள். வெளியே சாப்பிடப் பயமாக இருக்கிறதா? மற்றவர்களோடு பழகத் தடையாக இருக்கிறதா? இந்த நோயால் வேறு நோய் வருமோ என்று கவலையா? வைத்திய வழி இவ்வளவுதானா என்று ஏக்கமா? இந்த மாதிரி விஷயங்களை அவை கேட்கின்றன. நெதர்லாந்தில் 8 வயது முதல் 18 வயது வரை உள்ள பிள்ளைகளுக்கு 12 கேள்விகளில் ஒரு தாள் 2008இல் வந்தது. அதில் பதில் எழுத வேண்டாம். சிரித்த முகம் முதல் அழுத முகம் வரை படம் இருக்கும். பிள்ளை ஒரு முகத்தைக் காட்டினால் போதும்.

பிள்ளை காட்டும் முகமும் பெற்றோர் காட்டும் முகமும் பல நேரம் ஒத்துப்போவதில்லை. அதனால்தான் பிள்ளையையே கேட்க வேண்டும் என்கிறார்கள்.

பதிலை எப்படி எண்ணாக்குவது? இது கடினமான கணக்கு அல்ல. ஒவ்வொரு கேள்விக்கும் ஐந்து பதில் வைப்பார்கள். 'மிகப் பெரிய தொல்லை' என்றால் 0. 'பெரிய தொல்லை' 1. 'நடுத்தரம்' 2. 'கொஞ்சம்' 3. 'தொல்லையே இல்லை' என்றால் 4. எல்லாவற்றையும் கூட்டி, நூற்றுக்கு எவ்வளவு என்று மாற்றுவார்கள்.

ஹரியானாப் பெண்ணுக்கு ஐந்து கேள்வி மட்டும் வைத்துப் பார்ப்போம். வயிற்றுத் தொல்லை, களைப்பு, மனக்கவலை, விருந்து விசேஷம், வீட்டுச் செலவு. இந்தக் கணக்கும் விளக்கத்துக்காகப் போட்டதுதான்.

நோய் தெரிவதற்கு முன்: வயிற்றுக்கு 0. களைப்புக்கு 1. மனக்கவலைக்கு 2. விருந்துக்கு 4. செலவுக்கு 4. கூட்டினால் 11. மொத்தம் 20க்கு 11. நூற்றுக்கு 55.

ஒரு வருடம் கழித்து: வயிற்றுக்கு 4. களைப்புக்கு 3. மனக்கவலைக்கு 2. விருந்துக்கு 1. செலவுக்கு 1. கூட்டிப் பாருங்கள். மறுபடியும் 11. நூற்றுக்கு 55!

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பார்ப்பவர் என்ன சொல்வார்? 'ஒரு வருட வைத்தியத்தில் பலனே இல்லை' என்பார். அது தவறு. வயிறு முழுதாகக் குணமாகியிருக்கிறது. உடம்பை மட்டும் பார்க்கிறவரோ 'எல்லாம் சரியாகிவிட்டது' என்பார். அதுவும் தவறு. விருந்தும் செலவும் புதிய தொல்லைகளாக வந்திருக்கின்றன. ஆகவே மொத்தத்தோடு நிற்காமல், பகுதி பகுதியாகப் பார்க்க வேண்டும். பள்ளிக்கூடத்தில் பிள்ளையின் மதிப்பெண் பட்டியலை அப்படித்தானே பார்க்கிறோம்? கணக்கில் 90, தமிழில் 30 என்றால் யாரும் 'சராசரி 60, நல்லது' என்று விட்டுவிடுவதில்லை.

இது வெறும் கற்பனைக் கணக்கு அல்ல என்பதற்கு ஓர் உண்மை ஆராய்ச்சி இருக்கிறது. பின்லாந்து நாட்டில் செய்தார்கள். 2014இல் வெளிவந்தது. நோயாளிகளின் உறவினர்கள் 40 பேர். இரத்தத்தில் நோயின் அடையாளம் இருந்தது. ஆனால் தங்களுக்குத் தொல்லை ஏதும் இருப்பதாக அவர்கள் நினைக்கவில்லை. குலுக்கல் முறையில் பாதிப் பேரைக் கோதுமை இல்லாத உணவுக்கு மாற்றினார்கள். மீதிப் பேர் வழக்கம் போலச் சாப்பிட்டார்கள். ஒரு வருடம் கழித்துப் பார்த்தார்கள். கோதுமையை விட்டவர்களின் குடல் தேறியிருந்தது. வயிற்றுத் தொல்லை குறைந்தது. மனப் பதற்றமும் குறைந்தது. தொல்லையே இல்லை என்று சொன்னவர்களுக்கு உள்ளே தொல்லை இருந்திருக்கிறது! பிறந்ததிலிருந்து வயிறு மந்தமாக இருந்தால் அதுதான் இயல்பு என்று மனிதர் நினைத்துவிடுகிறார். ஆனால் ஒரே ஒரு பகுதியில் மட்டும் கோதுமை சாப்பிட்டவர்கள் முந்தினார்கள். அது நாலு பேரோடு கூடிப் பழகும் பகுதி.

அமெரிக்காவில் இன்னொரு ஆராய்ச்சி. அதுவும் 2014இல் வந்தது. பல நோயாளிகளிடம் 'உங்கள் வைத்தியம் உங்களுக்கு எவ்வளவு பெரிய சுமை?' என்று கேட்டார்கள். சிறுநீரகம் முற்றிலும் கெட்டுப் போனவர்கள்தான் மிக அதிகச் சுமை என்றார்கள். அவர்களுக்கு அடுத்தபடி யார்? சீலியாக் நோயாளிகள். இரத்த அழுத்தத்துக்குத் தினமும் மாத்திரை விழுங்குகிறவர்களைவிட, ஊசியும் மாத்திரையும் இல்லாத இவர்கள் அதிகச் சுமை சொன்னார்கள். 'சாப்பாட்டில் கொஞ்சம் கட்டுப்பாடு, அவ்வளவுதானே' என்று பக்கத்து வீட்டார் சுலபமாகச் சொல்லிவிடுகிறார்கள். ஒரு நாளைக்கு மூன்று வேளை, ஆயுள் முழுவதும் யோசித்து யோசித்துச் சாப்பிடுவது சுலபம் அல்ல.

அமெரிக்கத் தாளையோ ஜெர்மன் தாளையோ அப்படியே மொழிபெயர்த்து ஹரியானாப் பெண்ணிடம் நீட்டினால் என்ன ஆகும்? ஹோட்டலில் சாப்பிடப் பயமா என்று கேட்பார்கள். அவள் ஹோட்டலுக்கே போனதில்லை. 'பயம் இல்லை' என்று குறிப்பாள். நல்ல மதிப்பெண் விழும். ஆனால் அது பொய்யான மதிப்பெண். அவளிடம் கேட்க வேண்டியது வேறு. குருத்வாராவில் கடா பிரசாதம் கொடுப்பார்கள். அது கோதுமை மாவிலும் நெய்யிலும் செய்தது. இரண்டு கையையும் ஏந்தி வாங்க வேண்டிய பிரசாதத்தை வேண்டாம் என்று சொல்வது எவ்வளவு கஷ்டம்? லங்கரில் வரிசையாக உட்கார்ந்து எல்லோரும் ரொட்டி வாங்கும்போது அவள் என்ன செய்வாள்? தமிழ்நாட்டில் கேட்டால் கோயிலில் கொடுக்கும் ரவா கேசரியைப் பற்றிக் கேட்க வேண்டும். கேள்வித்தாளின் உயிர் இங்கேதான் இருக்கிறது. ஊர் தெரியாதவர் எழுதிய கேள்விக்கு உண்மையான பதில் வராது.

யார் கேட்கிறார்கள் என்பதும் முக்கியம். எழுதப் படிக்கத் தெரியாத ஒருவருக்கு மற்றவர் கேள்வியைப் படித்துக் காட்ட வேண்டும். பக்கத்தில் மாமியார் நிற்கிறாள். 'வீட்டார் உனக்கு ஒத்தாசையாக இருக்கிறார்களா?' என்று நர்சம்மா சத்தமாகப் படிக்கிறார். மருமகள் என்ன சொல்வாள்? 'ரொம்ப ஒத்தாசை' என்றுதான் சொல்வாள். அதே மருமகள் தாளைக் கையில் வாங்கி, தானே படித்து, தானே ஒரு கட்டத்தில் பேனாவால் குறித்தால் பதில் மாறலாம். எழுத்துக்குச் சத்தம் கிடையாது. பக்கத்தில் இருப்பவர் காதில் அது விழாது.

இதெல்லாம் வடநாட்டுச் சங்கதி, தமிழ்நாட்டில் இட்லி தோசை இருக்கும்போது என்ன கவலை என்று சிலருக்குத் தோன்றலாம். பாதி சரிதான். நம் நாட்டில் வடக்கு, வடகிழக்கு, தெற்கு என்று மூன்று பகுதிகளில் 23,000 பேருக்கு மேல் பரிசோதித்தார்கள். 2016இல் முடிவு வந்தது. வடக்கில் நூற்றுக்கு 1.23 பேருக்கு இந்த நோய். தெற்கில் நூற்றுக்கு 0.10. அதாவது ஆயிரம் பேரில் ஒருவர். ஆனால் பிறவிச் சாய்வு? அது மூன்று பகுதியிலும் ஏறக்குறைய ஒரே அளவு. மூன்று பேரில் ஒருவருக்கு இருக்கிறது. வித்தியாசம் தட்டில் இருந்தது. வடக்கில் ஒருவர் ஒரு நாளைக்குச் சராசரியாக 455 கிராம் கோதுமை சாப்பிட்டார். தெற்கில் 25 கிராம்.

இப்போது தெற்கிலும் தட்டு மாறி வருகிறது. சர்க்கரை நோய் வந்ததும் இரவில் சப்பாத்தி. தெருமுனையில் பரோட்டாக் கடை. குழந்தை கையில் பிஸ்கட். வீட்டில் சேமியா, ரவை. எல்லாம் கோதுமைதான்.

தெற்கில் இந்த நோய் வந்தவருக்கு ஒரு வசதி உண்டு. அரிசி, கேழ்வரகு, கம்பு, சோளம், தினை, சாமை, வரகு எதிலும் குளூட்டன் இல்லை. இட்லியும் களியும் கூழும் தாராளமாகச் சாப்பிடலாம். ஆனால் சாம்பாரில் ஒரு திருடன் ஒளிந்திருப்பான். அது பெருங்காயம்! பெருங்காயப் பிசின் கடுமையான காரம். அப்படியே போட முடியாது. அதனால் கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத்தில் மாவு கலப்பார்கள். பல கம்பெனிகள் கோதுமை மாவோ மைதாவோ கலக்கின்றன. சில கம்பெனிகள் அரிசி மாவு கலக்கின்றன. டப்பாவின் பின்பக்கம் பொடி எழுத்தில் இருப்பதைப் படித்தால்தான் தெரியும். சில பாக்கெட்டுகளில் 'குளூட்டன் இல்லாதது' என்றே அச்சிட்டிருப்பார்கள். அப்படி அச்சிட வேண்டுமானால் ஒரு கிலோவில் 20 மில்லிகிராமுக்கு மேல் குளூட்டன் இருக்கக் கூடாது என்பது நம் நாட்டுச் சட்டம். அந்தப் பாக்கெட் மாவு சாதாரண மாவைவிடப் பல மடங்கு விலை. கேழ்வரகும் கம்பும் இருக்கிற ஊரில் அதைத் தேடி ஓட வேண்டியதில்லை.

ஒரு வீட்டில் இந்த நோய் உள்ளவர் இருந்தால், டாக்டரிடம் கேள்வித்தாள் வரும்வரை காத்திருக்க வேண்டாம். ஒரு நோட்டுப் புத்தகம் போதும். மாதம் ஒரு முறை, அவரே தனியாக உட்கார்ந்து சில வரி எழுதிக்கொள்ளலாம். வயிறு எத்தனை நாள் தொல்லை கொடுத்தது? எத்தனை இரவு கவலையில் தூக்கம் கெட்டது? தனிச் சமையலுக்கு எவ்வளவு செலவு? யாரிடமாவது நோயை மறைத்துப் பொய் சொல்ல வேண்டி வந்ததா? இந்த நோட்டை டாக்டரிடம் காட்டினால், வெறும் 'பரவாயில்லை'யைவிட அவருக்கு அதிகம் விளங்கும். பயம் அதிகம் என்றால் உணவு ஆலோசகரிடம் அனுப்புவார். வீட்டில் புரிந்துகொள்ளவில்லை என்றால், அடுத்த முறை மாமியாரையும் கூட்டி வரச் சொல்வார். மருமகள் வேண்டுமென்று அடம் பிடிக்கவில்லை, அவள் குடல் அப்படி என்று டாக்டர் வாயால் கேட்கும்போது பல வீடுகளில் பேச்சு மாறும். செலவுதான் தொல்லை என்றால் விலை உயர்ந்த பாக்கெட்டுக்குப் பதில் என்ன சமைக்கலாம் என்று சொல்லித் தருவார்.

கல்யாண வீட்டுக்கும் வழி உண்டு. போவதற்கு இரண்டு நாள் முன்பே வீட்டுக்காரரிடம் சொல்லி வைக்கலாம். அல்லது சாப்பாட்டை டப்பாவில் எடுத்துப் போய், எல்லோரோடும் பந்தியில் உட்கார்ந்து சாப்பிடலாம். முதல் தடவை நாலு பேர் திரும்பிப் பார்ப்பார்கள். அதற்குப் பிறகு அவர்களுக்கும் பழகிவிடும்.

நோட்டில் எழுத இன்னும் இரண்டு கேள்வி பாக்கி இருக்கிறது. போன மாதம் எத்தனை விசேஷத்துக்கு அழைப்பு வந்தது? அதில் எத்தனைக்குப் போய், உட்கார்ந்து சாப்பிட்டீர்கள்?